டிரங்குப் பெட்டிக்குள் தாராவி

தொடர்: மும்பையில் தமிழ்த் தடங்கள்

தாராவி வழியாகப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் ‘காலா கில்லா’ என்று குரல் கொடுத்ததும் ஒரு கூட்டம் இறங்கும். தோல் பை பேரம் பேச வந்தவர்கள், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகள். கில்லாவைப் பார்ப்பதற்கென்று இறங்குபவர் அநேகமாக இருக்கமாட்டார். கில்லா என்றால் கோட்டை. காலா கில்லா, கறுப்புக் கோட்டை. பஸ் டிப்போவுக்கும் அதே பெயர்தான். பெயர் மட்டும் மிஞ்சிப்போன எத்தனையோ கோட்டைகள் நாட்டில் உண்டு. இது அப்படியில்லை. டிப்போவை அடுத்து, மித்தி ஆற்றோரத்தில், கருங்கல் சுவரோடு இன்னமும் நிற்கிறது.

ரீவா கோட்டை என்பது அதன் இன்னொரு பெயர். பம்பாய் கவர்னராக இருந்து 1677-இல் இறந்த ஜெரால்டு ஆஞ்சியர் கட்டியது என்றுதான் வழக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் சுவரில் பதித்த கல்லில் உள்ள பெயர் கவர்னர் ஜான் ஹார்ன், ஆண்டு 1737. அறுபது வருஷ இடைவெளி. கல் சொல்லும் ஆண்டுக்கு ஒரு காரணமும் உண்டு. பேஷ்வாவின் தம்பி சிமாஜி அப்பா தலைமையில் மராட்டியப் படை போர்த்துக்கீசியரிடமிருந்து தாணேயைப் பறித்தது அதே 1737-இல்தான். ஆற்றுக்கு இந்தக் கரையில் இருந்த ஆங்கிலேயருக்கு அடிவயிறு கலங்காமல் இருந்திருக்குமா? அந்தக் கலக்கத்துக்கு இன்றைக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி இந்தக் கல். அதைச் சுற்றி வீடுகள் முளைத்துவிட்டன. தாஜ்மகால் ஓட்டல் வாசலில் புறாக்களோடு படம் பிடித்துக்கொள்ளும் பயணிகளுக்கு இப்படி ஒரு கோட்டை இருப்பதே தெரியாது.

மிஞ்சியிருக்கும் அடையாளத்தைக் காத்துக் காட்டும் விஷயத்தில் சின்ன ஊர்கள் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்வதுண்டு. பிலிப்பைன்ஸில் பத்தங்காஸ் மாகாணத்தின் தால் என்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். அந்நாட்டின் முதல் தேசியக் கொடியை 1898-இல் தைத்த மார்செலா அகோன்சில்லோ பிறந்த ஊர் அது. கொடி தைக்கப்பட்டதென்னவோ ஹாங்காங்கில், நாடுவிட்டுப் போயிருந்த காலத்தில். ஆனாலும் ஊர்க்காரர்கள் விடவில்லை. அவர் வீடு இன்று அருங்காட்சியகம். ஒரு பெண், ஒரு ஊசி, ஒரு வீடு. ஊரின் வரலாற்றைச் சொல்ல அவர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

மும்பைத் தமிழர்களிடம் இப்படி என்ன இருக்கிறது? கேள்வி எளிதுதான். பதில் ஆளுக்கொன்றாக வரும், அதுவும் ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து.

கிழக்கே மாட்டுங்கா. 1896-இல் பிளேக் வந்து ஊரைப் புரட்டிப் போட்டது. 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெரிசலைக் குறைக்க டிரஸ்ட் அளந்து போட்ட குடியிருப்புகளில் தாதரும் மாட்டுங்காவும் அடக்கம். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறிய தமிழ்க் குமாஸ்தாக்கள் இங்கேதான் குடியேறினார்கள். எஸ்.ஐ.இ.எஸ். என்று ஊரே அழைக்கும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தொடங்கியது. 1940-இல் கஃபே மெட்ராஸ், 1942-இல் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். இதில் ஒரு வேடிக்கை: கஃபே மெட்ராஸை நடத்துவது உடுப்பிப் பக்கத்து காமத் குடும்பம். பலகையில் மெட்ராஸ், கல்லாவில் கொங்கணி, டபராவில் தமிழர்களின் காலை. பாரம்பரியம் என்று சொல்லும்போது யாருடையது என்று கறாராகப் பேசுகிறவர்கள் அங்கே ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு வந்து பேசலாம்.

மாட்டுங்காவில் பார்க்கவேண்டிய பொருள் எது என்று கேட்டால் பலரும் சண்முகானந்தா அரங்கத்தைக் கை காட்டுவார்கள். நியாயம்தான். 1952-இல் சபா, 1963-இல் அரங்கம், 1990-இல் தீ. எட்டு வருஷம் கழித்து 1998-இல் மறுபடி திறந்தார்கள். இன்று 2,763 இருக்கைகள். ஆனால் அதைவிடப் பழையதும், கையில் எடுத்துப் பார்க்கக்கூடியதுமான ஒன்று மாட்டுங்காவில் இருக்கிறது: நட்டுவனாரின் தட்டுக்கழியும் அது விழும் கட்டையும்.

ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் 1945-இல் இங்கே உருவானது. திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் வழிகாட்டுதலில் கோவிந்தராஜ பிள்ளையும் கருணாம்பாளும் தொடங்கியது. குப்பையா பிள்ளையின் மகன்கள் மகாலிங்கம் பிள்ளையும் கல்யாணசுந்தரமும் அங்கே தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கோயில் மானியமும் மிராசுதார் ஆதரவும் வற்றிய காலத்தில் தஞ்சை நட்டுவனார்கள் பெட்டி கட்டிய கதையில் பெரும்பாலும் சென்னைதான் பேசப்படும். ஒரு கிளை பம்பாய்க்கு வந்து மராத்தி, குஜராத்தி வீட்டுப் பெண்களுக்குத் தமிழ்ப் பதம் சொல்லிக்கொடுத்தது என்பது பேச்சில் விட்டுப்போகிறது.

நட்டுவனார் தரையில் உட்கார்ந்து, எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, முழ நீளக் கழியால் தட்டித் தாளம் சொல்லுவார். ‘தெய்யா தெய்’ ஆயிரம் முறை, பல்லாயிரம் முறை. அடி விழுவது ஏறக்குறைய ஒரே இடத்தில். வருஷங்கள் போகப் போக அந்த இடம் மழுங்கி, வழுவழுப்பேறி, லேசாகக் குழியும். கழியின் நுனி சிலிர்த்துக்கொள்ளும். அப்புறம் வேறு கழி. கட்டை மட்டும் மாறாது. விஜயதசமிக்கு அதற்கும் சந்தனம், குங்குமம். கண்ணாடிப் பேழையில் வைத்து விளக்குப் போட்டால் அது வெறும் மரத்துண்டு. அந்தக் குழி எப்படி விழுந்தது என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அப்படிச் சொல்லக்கூடிய பெண்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்த ஒருவர் இதே நகரத்தில் இருக்கிறார். ‘அம்பை’ என்ற சி.எஸ்.லக்ஷ்மி. தமிழ் வாசகர்களுக்கு அவர் சிறுகதைக்காரர். 2021-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். மும்பைக்கு அவர் 1988-இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோரோடு தொடங்கிய ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தின் ஆள். பாடகிகள், நடனக்காரிகள், போராட்டக்காரிகள் எனப் பலரின் குரலும் புகைப்படங்களும் கடிதங்களும் அங்கே சேர்ந்திருக்கின்றன. தகிசரில் உள்ள அதன் கட்டடத்துக்குப் பெயர் ‘கூடு’. குருவிக்குப் பொருத்தம்.

சேர்த்து வைத்தால் மட்டும் போதாது என்பதற்குச் செம்பூர் உதாரணம். ராஜ் கபூர் 1948-இல் அங்கே அமைத்த ஆர்.கே. ஸ்டூடியோவில் 2017 செப்டம்பரில் தீ பிடித்தது. நர்கிஸ் தொடங்கி, நம்மூரிலிருந்து போன வைஜயந்திமாலா, பத்மினி வரை கதாநாயகிகள் உடுத்திய உடைகள் சாம்பலாயின. ‘மேரா நாம் ஜோக்கர்’ முகமூடியும் போயிற்று. 2019-இல் நிலம் கைமாறியது. அத்தனை புகழும் பணமும் இருந்த இடத்திலேயே ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

இனி ரயில் பாதைக்கு மேற்கே. தாராவியின் பெரிய மசூதி 1887-இல் தொடங்கியது. பிள்ளையார் கோவில் 1913. நகரத்தின் முதல் தமிழ்ப் பள்ளி 1924-இல் எழுந்தது மாட்டுங்காவில் அல்ல, தாராவியில். எஸ்.ஐ.இ.எஸ்.ஸுக்கு எட்டு வருஷம் முன்பு! பாந்த்ரா கசாப்புக் கூடத்திலிருந்து வந்த தோலைப் பதனிட, திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் இங்கே டேனரிகளை நடத்தினார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தவர்களில் நிறையப்பேர் அதே ஜில்லாவிலிருந்து வந்த ஆதிதிராவிடர்கள். கசாப்புக் கூடம் 1971-இல் தேவ்னாருக்குப் போனது. டேனரிகளும் பின்னர் வெளியேறின. பைகளும் பெல்ட்டுகளும் தைப்பது மட்டும் நின்றபாடில்லை.

ஆனாலும் மும்பைத் தமிழர் வரலாறு என்று பேச ஆரம்பித்தால் சபா, பஜனை சமாஜம், இட்லி என்று மாட்டுங்காவிலேயே வண்டி நின்றுவிடுகிறது. தாராவிக்கு வந்தால் ‘நாயகன்’ படத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்தப் படத்தின் தாராவியும் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி போட்ட செட்! 2016-இல் ஜோர்ஜே மன்யேஸ் ரூபியோ, அமாண்டா பினாதி என்ற இரண்டு வெளிநாட்டவர் வந்து, தள்ளுவண்டியின் மேல் ஒரு குட்டி அருங்காட்சியகத்தை அமைத்து, தாராவிக்காரர்கள் கையால் செய்யும் பொருட்களை அந்தச் சந்துகளிலேயே காட்டினார்கள். சில வாரங்கள் ஓடியது. உள்ளூர்த் தமிழ் அமைப்புகளுக்கு அந்த யோசனை முன்பே வந்திருக்கலாம்.

இதற்கிடையில், யாரும் ஆவணக் காப்பகம் என்று பெயர் வைக்காத ஒன்று தாராவியில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தகர டிரங்குப் பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல், கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ். அதிர்ஷ்டமிருந்தால் ஒரு ‘போட்டோ பாஸ்’. மகாராஷ்டிர அரசு 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்துக் கொடுத்தது அது. குடும்பத் தலைவரின் படம், பெயர், குடிசை எண். ஓரங்கள் நைந்து, மடித்த இடம் கிழிந்து, செல்லோடேப்பும் பழுத்துப்போயிருக்கும். படத்தில் இருப்பவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகியிருக்கும். பேரன் அந்தத் தாளைத் தொடுவதற்கு முன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வான்.

வரலாற்றின் மேல் பிரியம் வந்து இதைப் பாதுகாக்கவில்லை. சுமார் 600 ஏக்கர் தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தின் டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். காட்ட முடியாதவர் வேறு வரிசையில் நிற்கவேண்டும். ஆகவேதான் தகரப் பெட்டிக்கு இத்தனை மரியாதை.

கணக்கெடுக்க வந்தவர்கள் கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். காகிதத்தை ஸ்கேன் செய்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். அதில் இருக்கும் தாத்தா எந்த டேனரியில் வேலை பார்த்தார், எந்த வருஷம் ரயிலேறினார், 1924-இன் பள்ளியில் படித்தாரா என்பதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரியும். வீட்டுச் சாவி கைக்கு வந்த மறுநாள் அந்தக் கிழிசல் தாளுக்கு வேலை முடிந்துவிடும். புது ஃபிளாட்டில் டிரங்குப் பெட்டி வைக்க இடம் இருக்குமா என்பதும் சந்தேகம்.

(தொடரும்)