காளான் விடும் தண்ணீர்

வாணலியில் எண்ணெய் காய்ந்து, சின்ன வெங்காயம் சிவந்து, இஞ்சி பூண்டு மணக்கத் தொடங்கும் நேரத்தில் நறுக்கிய காளானைக் கொட்டுகிறோம். ஊற்றிய எண்ணெய் முழுவதையும் காளான் உடனே குடித்துவிடுகிறது. அடிபிடிக்கிறதே என்று இன்னொரு கரண்டி எண்ணெய் விடுகிறோம். அதன் பிறகுதான் காளான் தண்ணீர் விட ஆரம்பிக்கிறது. சிவக்க வதங்க வேண்டியது தன் தண்ணீரிலேயே வெந்துகொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் சுண்டும்வரை காத்திருந்தால் வெங்காயம் குழைந்து, இஞ்சியின் மணமும் ஆவியோடு போய்விடுகிறது.

இதற்கு மைக்ரோவேவ் அடுப்பு அருமையான தீர்வு. நம் வீடுகளில் நேற்றைய குழம்பைச் சூடாக்கவும் பாலைக் காய்ச்சவும் மட்டுமே அது பயன்படுகிறது. வாணலியில் போடும் முன் காளானின் தண்ணீரை வெளியேற்றும் வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலையை அடுப்பைவிட இந்தப் பெட்டி நன்றாகச் செய்யும்.

காளானின் உடல் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். அது தாவரம் அல்ல, பூஞ்சை. நூலைவிட மெல்லிய இழைகள் லட்சக்கணக்கில் பின்னிப் பிணைந்து குடையாகவும் காம்பாகவும் நிற்கின்றன. எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். இழைகளுக்கு நடுவே ஏராளமான காற்று. காளான் தண்ணீரில் மிதப்பது அந்தக் காற்றால்தான். வாணலியில் எண்ணெய் புகுந்துகொள்வதும் அந்தக் காற்றறைகளில்தான். செல்சுவர்களில் இருப்பது கைட்டின். இறாலின் ஓட்டிலும் வண்டின் சிறகுறையிலும் இருக்கும் அதே பொருள். கத்தரிக்காயையும் பூசணிக்காயையும் கூடுதலாக வேகவைத்தால் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்து, காய் குழைந்துவிடும். கைட்டின் சமையல் சூட்டுக்கு அசைந்து கொடுக்காது. ஆகவே காளானை அரை மணி நேரம் வேகவைத்தாலும் அது கூழாகாது; மெல்ல இதமாகவே இருக்கும். சமைப்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடைக்காது. தண்ணீரை எவ்வளவு வெளியேற்றினாலும் காளான் கெட்டுப்போகாது என்பதே இதன் பொருள்.

அடுத்து அந்தப் பெட்டி. அதன் இதயம் மாக்னெட்ரான் என்ற குழாய். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக மேம்படுத்தப்பட்டது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இருவர் 1940இல் அதற்குப் புதிய வலிமையைக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பெர்சி ஸ்பென்சர், ஓடிக்கொண்டிருந்த மாக்னெட்ரான் அருகே நின்றபோது சட்டைப்பையிலிருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். சோளத்தை வைத்துப் பொரித்தும் பார்த்தார். 1945 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947இல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரமும் சுமார் 340 கிலோ எடையும் கொண்டது. மேசைமேல் வைக்கக்கூடிய வீட்டு அடுப்பு 1967இல்தான் வந்தது.

மாக்னெட்ரான் அனுப்பும் அலையின் மின்புலம் ஒரு நொடிக்கு 245 கோடி முறை அலைகிறது. தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனையில் சிறிது நேர்மின்சுமையும் மறுமுனையில் சிறிது எதிர்மின்சுமையும் உண்டு. மின்புலம் திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்ப முயல்கிறது. பக்கத்து மூலக்கூறுகளோடு மோதி உரசுகிறது. அந்த ஆட்டமே வெப்பம். தட்டின் பீங்கானுக்கும் சுற்றியிருக்கும் காற்றுக்கும் இந்த அலையில் பெரிதாக வேலையில்லை. உணவிலிருக்கும் தண்ணீர்தான் சூடாகிறது. தண்ணீரே உடலாக இருக்கும் காளானுக்கு இது எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்.

மைக்ரோவேவில் உணவு உள்ளிருந்து வெளியே வேகும் என்று பலர் சொல்வது சரியல்ல. அலை உணவுக்குள் ஓரிரு சென்டிமீட்டர்தான் வலுவோடு புகும். பெரிய உருளைக்கிழங்கின் நடுப்பகுதி, வெளிச்சூடு மெல்ல உள்ளே பரவித்தான் வேகிறது. ஆனால் காளான் துண்டின் தடிமன் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அலை துண்டு முழுவதையும் ஒரே நேரத்தில் எட்டிவிடுகிறது. வாணலியில் அடிப்பக்கம் மட்டும் சூட்டில் கிடக்க, மேல்துண்டுகள் முறைக்காகக் காத்திருக்கும் நிலை இங்கே இல்லை. சூடேறியதும் செல்களின் சவ்வுகள் சிதைகின்றன; தண்ணீர் ஒழுகுகிறது; ஒரு பகுதி ஆவியாகப் போகிறது. காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. எண்ணெய் புகுந்துகொள்ள இனி இடமில்லை.

எவ்வளவு நேரம் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். கடையில் கிடைக்கும் பொட்டலம் 200 கிராம். அதை அறைச் சூட்டிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 60,000 ஜூல் வேண்டும். 800 வாட் அடுப்புக்கு அது 75 நொடி வேலை. ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2,260 ஜூல் ஆகும். 50 கிராம் ஆவியாக வேண்டுமானால் மேலும் 140 நொடி. மொத்தம் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். குறைந்த அளவு உணவை வைக்கும்போது அடுப்பின் ஆற்றல் முழுவதும் அதில் சேர்வதில்லை. எனவே நடைமுறையில் நான்கு, ஐந்து நிமிடம் பிடிக்கும். என் வீட்டு 800 வாட் அடுப்பிலும் அப்படித்தான்.

இனி செய்முறை. முதலில் கழுவுவது. காளானைக் கழுவினால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று துணியால் துடைப்பவர்கள் உண்டு. சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்டு மெக்கீ காளானைத் தண்ணீரில் போட்டு எடுத்து எடைபோட்டுப் பார்த்தார். அது உறிஞ்சியது மிகக் கொஞ்சமே. ஓடும் நீரில் மண் போகக் கழுவுங்கள். பிறகு அரை சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, அகலமான பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டில் பரப்புங்கள். நடுவில் குவிக்க வேண்டாம், விளிம்பை ஒட்டி வட்டமாகப் பரப்புவது நல்லது. பெட்டிக்குள் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலப்பதால் சில இடங்களில் சூடு அதிகமாகவும் சில இடங்களில் குறைவாகவும் இருக்கும். தட்டு சுழல்வது அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டத்தான். நடுவில் இருப்பது நின்ற இடத்திலேயே சுழல்கிறது. முழுக் காளானை அப்படியே வைக்காதீர்கள். உள்ளே ஆவி அடைபட்டு வெடித்துத் தெறிக்கும். உப்பும் இப்போது வேண்டாம். உப்புநீர் அலையை மேற்பரப்பிலேயே விழுங்கிக்கொள்ளும் என்பதால் சூடு சீராக இறங்காது.

இறுக்கி மூடக் கூடாது, ஆவி போக வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால் தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும். அதை ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துவிட்டு, துண்டுகளைக் கிளறி மீண்டும் இரண்டு நிமிடம் வையுங்கள். துண்டுகள் பாதியாகச் சுருங்கி, தொட்டால் ரப்பர்போல வளைந்தால் போதும்.

சிப்பிக் காளான் மெல்லியது. கையால் கிழித்துப் போட்டால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பால் காளான் அழுத்தமானது, கூடுதலாக ஒரு நிமிடம் கேட்கும். பால் காளானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மொட்டுக் காளானுக்கு நீலகிரியின் குளிர் வேண்டும். பால் காளானோ நம் சமவெளி வெயிலிலும் குடிசைக்குள் விளையும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டையிலிருந்து 1998இல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது. சிறு விவசாயிகளுக்கு அது பெரிய கொடை.

ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். மழை பெய்ததும் வேலியோரம் முளைப்பதைப் பறித்துவந்து, நன்றாகச் சூடாக்கினால் நஞ்சு போய்விடும் என்று நம்பக் கூடாது. உயிரைப் பறிக்கும் அமடாக்சின் நஞ்சு வாணலியிலும் அழியாது, மைக்ரோவேவிலும் அழியாது.

சத்து போய்விடுமா என்ற கேள்வி எப்போதும் வரும். ஸ்பெயினின் லா ரியோகா பகுதியில் இருக்கும் காளான் ஆய்வு மையத்தினர் மொட்டுக் காளான், ஷிடாகே, இரண்டு வகைச் சிப்பிக் காளான்கள் ஆகியவற்றை வேகவைத்தும், பொரித்தும், சுட்டும், மைக்ரோவேவில் வைத்தும் ஒப்பிட்டு 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேகவைத்ததிலும் பொரித்ததிலும் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் குறைந்தது. சுட்டதும் மைக்ரோவேவில் வைத்ததும் நன்றாக நின்றன.

மைக்ரோவேவால் முடியாதது ஒன்று உண்டு. காளான் சிவக்காது. சிவப்பும் வறுத்த மணமும் வரச் சுமார் 140 டிகிரி வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்த வேலை வாணலியுடையது. ஈரம் போன துண்டுகளை அதிலே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் போட்டால் உடனே சலசலவென்று சத்தம் கேட்கும். இரண்டு நிமிடத்தில் ஓரங்கள் பொன்னிறமாகும். உப்பும் இடித்த மிளகும் கறிவேப்பிலையும் அப்போது சேர்த்தால் போதும்.

கிண்ணத்தில் வடித்துவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவைப்பொருளான குளுட்டமேட் அதில் இருக்கிறது. காளானில் உள்ள குவானிலேட் என்ற இன்னொரு சுவைப்பொருளும் கரைந்திருக்கிறது. இரண்டும் சேரும்போது சுவை தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு ஏறும். அன்றைய ரசம் நுரை கட்டும் நேரத்தில் அந்தச் சாற்றை ஊற்றி இறக்கிப் பாருங்கள்.