பழைய சிபியுவுக்கு இன்னும் எவ்வளவு செலவழிக்கலாம்?

வீட்டுக் கணினி தவழத் தொடங்கினால் இரண்டு யோசனைகள் தவறாமல் வந்து சேரும். “ரேம் ஏத்துங்க, பறக்கும்” என்பது ஒன்று. “இதுக்குப் போய்ச் செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிடுங்க” என்பது இன்னொன்று. எந்தப் பக்கம் சொல்பவரும் ஒரு எண்ணை எழுதிக் காட்டுவது அபூர்வம். எழுதிப் பார்த்தால் விடை பலர் நினைப்பதற்கு எதிர்ப்பக்கம் விழுகிறது.

கணக்குக்கு ஒரு சிஸ்டம் வேண்டும். தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் 2013, 2014 வாக்கில் அசெம்பிள் செய்து வாங்கியதை எடுத்துக்கொள்கிறேன். ஐ3-4130 பிராசசர், எச்81 போர்டு, ஒரு ஸ்லாட்டில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம், நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 18.5 அங்குல எல்இடி மானிட்டர், மேசைக்கடியில் ஒரு யுபிஎஸ். விண்டோஸ் 7-இல் பிறந்து விண்டோஸ் 10-க்கு மாறியது. வேலை: கல்லூரி விண்ணப்பம், அப்பாவின் பிஎஃப் கணக்கு, ஆன்லைன் வகுப்பு, புகைப்படங்கள், பிரிண்ட். நாளுக்கு 4 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 1,460 மணி.

இந்தப் பெட்டியை மெதுவாக்குவது எது? பிராசசர் என்று நினைப்பது இயல்பு, ஆனால் குற்றவாளி பெரும்பாலும் அதுவல்ல. ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி நொடி. வேண்டிய தகவல் தட்டில் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அது 4.17 மில்லி நொடி. படிக்கும் கை அந்தத் தடத்துக்கு நகர இன்னும் 9 மில்லி நொடி போல. கூட்டினால் 13. ஆக நொடிக்கு 75 துண்டுகளுக்கு மேல் அதனால் பொறுக்க முடியாது. விண்டோஸ் எழுந்து, வைரஸ் தடுப்பும் உலாவியும் திறப்பதற்குள் அங்குமிங்கும் சிதறிய 20,000 சிறு துண்டுகள் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொண்டால் 20,000-ஐ 75-ஆல் வகுக்க 267 நொடி, அதாவது நாலரை நிமிடம். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை, துண்டுக்கு 0.1 மில்லி நொடி என்று தாராளமாகவே வைத்தாலும் இதே வேலை 2 நொடி. நடைமுறையில் இவ்வளவு பெரிய இடைவெளி தெரியாது. விண்டோஸ் முன்கூட்டியே சிலவற்றைப் படித்து வைக்கும், பிராசசரும் தன் பங்குக்கு நேரம் எடுக்கும். இருந்தாலும் நான்கு நிமிடம் அரை நிமிடமாகக் குறைவதில் அதிசயம் எதுவும் இல்லை.

மடிக்கணினி என்றால் இன்னும் மோசம். அதில் இருப்பவை பெரும்பாலும் 5,400 சுற்று டிஸ்குகள். அரைச் சுற்றுக்கே 5.6 மில்லி நொடி. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் பல இன்று பரணில் கிடப்பதற்குச் செத்துப்போன பேட்டரிக்கு அடுத்தபடியாக இதைத்தான் காரணமாகச் சொல்வேன்.

ரேம் இரண்டாவது. 4 ஜிபியில் விண்டோஸ் 10 தனக்கே ஒன்றரை முதல் 2 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். உலாவியில் ஏழெட்டுப் பக்கம் திறந்தால் மிச்சமும் தீரும். இடம் போதாதபோது சிஸ்டம் தகவலை டிஸ்குக்குத் தள்ளும், திரும்ப எடுக்கும். அந்த டிஸ்க்தான் நொடிக்கு 75 துண்டு எடுக்கும் டிஸ்க். ரேம் மட்டும் ஏற்றியவர்கள் பாதி திருப்தியோடு நிற்பதும், எஸ்எஸ்டி மட்டும் போட்டவர்கள் முக்கால் திருப்தி அடைவதும் இதனால்தான்.

இனி விலை. கீழே வரும் தொகைகள் கணக்கை நடத்த வைத்துக்கொண்டவை. ரிச்சி தெருவில் ஒரு விலை, உங்கள் ஊர்க் கடையில் ஒரு விலை இருக்கும். அதிலும் 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் சில்லறை வணிகத்தையே விட்டுவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆகவே அந்த வாரத்து விலையைக் கேட்டு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கின் போக்கு மாறாது.

240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி: ரூ. 2,500
8 ஜிபி டிடிஆர்3 ரேம், இரண்டாவது ஸ்லாட்டுக்கு: ரூ. 1,200
போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி: ரூ. 40
தூசி தட்டி, பிராசசருக்குப் புது பேஸ்ட்: ரூ. 300
ஓஎஸ் ஏற்றி, கோப்புகளை மாற்றக் கூலி: ரூ. 500
மொத்தம்: ரூ. 4,540

இந்த மொத்தத்தை அப்படியே புதுக் கணினியின் விலையோடு ஒப்பிடுவதுதான் வழக்கமான பிழை. இதில் இரண்டு வகைப் பணம் கலந்திருக்கிறது. எஸ்எஸ்டியை நாளைக்குக் கழற்றி அடுத்த கணினியில் மாட்டிக்கொள்ளலாம்; அது நம்மோடு வரும் பணம். டிடிஆர்3 ரேம் அப்படி வராது. டிடிஆர்3 பட்டையில் 240 முனைகள், டிடிஆர்4-இல் 288. ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. ரேம், பேஸ்ட், கூலி எல்லாம் இந்தப் பெட்டியோடு புதையும் பணம். பிரித்தால்: நம்மோடு வருவது 2,500, புதைவது 2,040.

எஸ்எஸ்டி ஆறு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 417. புதையும் 2,040-ஐ மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் 680. இரண்டும் சேர்ந்து 1,097.

மின்சாரத்தை இங்கேயே முடித்துவிடலாம். “பழசு கரண்டைக் குடிக்கும், மிச்சமாகும் பில்லிலேயே புதுசு வாங்கிடலாம்” என்பது கடைகளில் சளைக்காமல் சொல்லப்படும் வாதம். பழைய சிபியு சாதாரண வேலையில் 50 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். 1,460 மணிக்கு 73 யூனிட். இன்டெல் என்100 சில்லு போட்ட, கையடக்கமான புது மினி பிசி 12 வாட்டில் ஓடும், 17.5 யூனிட். மிச்சம் ஆண்டுக்கு 55.5 யூனிட். தமிழ்நாட்டில் 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாத உபயோகத்தில் 401 முதல் 500 வரையான யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு. 55.5-ஐப் பெருக்கினால் 358 ரூபாய். மினி பிசியின் விலை 20,000 என்றால், மின்சார மிச்சத்தில் மட்டும் அதை மீட்க 56 ஆண்டு ஆகும். ஆயிரம் யூனிட்டைத் தாண்டி 11.80 கட்டும் வீடாக இருந்தாலும் 30 ஆண்டுக்கு மேல். வாதம் அங்கேயே படுத்துவிடுகிறது.

ஒரே விதிவிலக்கு, பழைய குண்டு மானிட்டர். 17 அங்குல சிஆர்டி 75 வாட் இழுக்கும், எல்இடி 18 வாட். 57 வாட் வித்தியாசத்துக்கு ஆண்டுக்கு 83 யூனிட், 537 ரூபாய். 2,000 ரூபாய்க்கு ஒரு பழைய எல்இடி வாங்கினால் நான்கு ஆண்டுக்குள் பணம் திரும்பும். அதுவும் நம்மோடு வரும் பணம்தான்.

மாற்று வழிகளில் உருப்படியானது புதுசு அல்ல என்பது என் கருத்து. அலுவலகங்கள் கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு மினி டெஸ்க்டாப்புகள் இருக்கின்றன. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 15,000 ரூபாய் என்று வைக்கலாம். ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 3,000, 20 வாட் மின்சாரத்துக்கு 188, ஆக 3,188. என்100 மினி பிசி ஆறு ஆண்டுக்கு 3,333-உம் மின்சாரம் 113-உம் சேர்ந்து 3,446. நம் பழைய பெட்டிக்கு 1,097-உம் மின்சாரம் 471-உம் சேர்ந்து 1,568. மானிட்டர், கீபோர்டு, இணையக் கட்டணம், யுபிஎஸ் பேட்டரி ஆகியவை இந்த மூன்று வழிக்கும் பொது. பொதுவான செலவை எந்தப் பக்கமும் எழுத வேண்டியதில்லை. 40,000 ரூபாய் மடிக்கணினி என்றால் ஆறு ஆண்டுக்கு வகுக்க 6,667. யுபிஎஸ் தேவைப்படாததால் ஆண்டுக்கு முந்நூற்றுச் சொச்சம் மிச்சம். வீட்டில் ஒருவர் கணினியை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டியிருந்தால் அந்தப் பணத்துக்கு நியாயம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

“செலவு செய்த ஆறாம் மாதமே போர்டு போய்விட்டால்?” பன்னிரண்டு வயதுப் பெட்டியைப் பற்றி இந்தப் பயம் நியாயமானது. இதற்கும் எண் இருக்கிறது. ரீஃபர்பிஷ்டின் ஆண்டுச் செலவு 3,188. அதில் நம் பெட்டிக்கு எப்படியும் ஆகும் மின்சாரம், எஸ்எஸ்டி பங்கு இரண்டையும், அதாவது 888-ஐக் கழித்தால் 2,300. புதையும் பணம் 2,040. ஆக இந்தப் பெட்டி ஏறக்குறைய 11 மாதம் ஓடிவிட்டாலே சமன். அதற்குமேல் ஓடும் ஒவ்வொரு மாதமும் லாபம். மூன்று ஆண்டு ஓட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இதே கணக்கு எப்போது கைவிட வேண்டும் என்பதையும் காட்டும். எஸ்எம்பிஎஸ் பழுதாகி 1,000, போர்டில் கெப்பாசிட்டர் உப்பி வேறு போர்டுக்கு 2,500 என்று சேர்ந்தால் புதையும் பணம் 5,540 ஆகிவிடும். சமன் ஆக 29 மாதம். அப்போது அது சூதாட்டம். புதையும் பணம் ரீஃபர்பிஷ்டு விலையில் கால் பங்கைத் தொட்டால், 15,000-க்கு 3,750, நான் கையை எடுத்துவிடுவேன். ரேமும் சேமிப்பகமும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட 4 ஜிபி, 64 ஜிபி மலிவு மடிக்கணினிகளுக்குக் கணக்கே தேவையில்லை. மாற்ற அதில் ஒன்றும் இல்லை.

பணத்துக்கு வெளியே ஒரு கெடு இருக்கிறது. 2015 ஜூலை 29-இல் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டலாம், அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லாமலே பெறலாம். விண்டோஸ் 11-க்குப் போக நம் ஐ3-4130-க்கு அதிகாரப்பூர்வ வழி இல்லை. டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல்தான் பட்டியலில் உண்டு. இங்கே ஒரு வேடிக்கை: 2011-இன் ஐ7-2600 பட்டியலில் இல்லை, 2017-இன் ஐ3-8100 இருக்கிறது. “ஐ7 சார், சூப்பர் கண்டிஷன்” என்று கடைக்காரர் சொல்லும்போது ஐ7-ஐ விட்டுவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்ணைப் பாருங்கள். அது 2, 3, 4 என்றால் இன்னொரு பழைய பெட்டியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

ஆகவே பழைய பெட்டியின் ஆயுளை இரும்பு தீர்மானிப்பதில்லை, வீட்டு வேலை தீர்மானிக்கிறது. உலாவி, ஆவணம், படம், பிரிண்ட் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போதும். குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கும், 4 இருந்தால் வசதி. இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். விலை பூஜ்யம். அதே வீட்டில் டாலியில் கடைக் கணக்கு எழுதுபவரோ, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ரிட்டர்ன் தாக்கல் செய்பவரோ இருந்தால் லினக்ஸைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். நேராக எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டுக்குப் போய்விடலாம். கூட வரும் எஸ்எஸ்டிக்குப் பில்லும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள்.

எந்த வழியில் போனாலும் பூமியின் கணக்கும் ஒன்று ஓடுகிறது. 2004-இல் ஐ.நா. பல்கலைக்கழகத்துக்காக ருடிகர் கூயரும் எரிக் வில்லியம்ஸும் தொகுத்த ஆய்வு, ஒரு மேசைக் கணினியையும் 17 அங்குல சிஆர்டியையும் தயாரிக்க 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனங்கள், 1,500 கிலோ தண்ணீர் ஆகிறது என்றது. தொழில்நுட்பம் அதன்பிறகு மாறிவிட்டது. ஆனால் ஆண்டுக்கு 55 யூனிட் மிச்சம் பிடிக்க ஒரு முழுப் பெட்டியைப் புதிதாகச் செய்ய வைப்பது பசுமைக் காரியம் என்று யாராவது சொன்னால் இந்த எண்களை முன்னால் வைக்கலாம். 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவு கொட்டியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம்.

கடைசியாக, கழற்றிய அந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காயலான் கடைக்குப் போட வேண்டாம், நூறு ரூபாய்கூடத் தேறாது; உள்ளே வீட்டார் எல்லோருடைய ஆதார் நகலும் கிடக்கும். எச்81 போர்டில் நான்கு சாட்டா துளைகள் உண்டு. எஸ்எஸ்டியை வேகமான 6 ஜிபிட் துளையில் மாட்டி, பழைய டிஸ்கை இரண்டாம் டிஸ்காக அங்கேயே விட்டுவிடலாம், தனிச் செலவு இல்லை. புகைப்படங்களின் இரண்டாவது நகல் அதில் இருக்கட்டும். பன்னிரண்டு ஆண்டு சுற்றிய தட்டு என்பதால் ஒரே நகலை மட்டும் அதில் வைக்கக் கூடாது.