காய்ச்சலை மறைக்காதீர்கள்

லாயாங் லாயாங் வட்டாரத் தோழர்களே! 2020 மார்ச் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சிங்கப்பூர்ப் பாலத்தில் அன்றாடப் போக்குவரத்து நின்றது. ஒன்பது நாள் கழித்து, நம் குளுவாங் மாவட்டத்திலேயே, சிம்பாங் ரெங்கத்தில் கம்போங் டத்தோ இப்ராஹிம் மஜிட்டின் வழிகளை அடைத்தார்கள். 3,500-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே வர முடியாமல் போயிற்று. அப்படிப்பட்ட கடுமையான அடைப்பு நாட்டிலேயே அதுதான் முதல்.

"சிம்பாங் ரெங்கத்துக்கு வந்தாச்சு, நமக்கு எப்போ?" "மாஸ்க் போடணுமா, வேணாமாண்ணே?" "இஞ்சித் தண்ணி குடிச்சா வராதாமே, நெசமாக்கா?" இப்படித்தான் இருந்தது அன்றையப் பேச்சு. இராத்திரி கைப்பேசியில் வந்த வதந்தி, காலைப் பெரட்டில் உண்மையாகிவிடும்.

மேலிருந்து வந்த யோசனையும் மாறிற்று. நோய்க்குறி உள்ளவர்கள் மட்டும் முகக்கவசம் போட்டால் போதும் என்றார்கள் முதலில். 2020 ஆகஸ்ட் 1 முதல் நெரிசலான பொது இடங்களில் எல்லாருக்கும் கட்டாயம் என்றார்கள். "இவங்களுக்கே ஒண்ணும் தெரியல" என்று சிலர் எல்லா யோசனையையும் உதறினார்கள். அது தவறு. புது நோயை மருத்துவர்களும் போகப் போகத்தான் கற்கிறார்கள். காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பிறருக்குத் தொற்றும், காற்றோட்டமில்லாத இடத்தில் அதிகம் பரவும் என்பதெல்லாம் பிறகுதான் தெளிவாயிற்று. விவரம் தெரிந்தால் யோசனை மாறத்தானே வேண்டும்?

ஆனால் ஒன்று முதல் நாளே தெரியும்: காய்ச்சல்காரர் கூட்டத்தில் சேரக்கூடாது. இதற்குத்தான் நாம் தயங்குகிறோம். "சொன்னா சம்பளம் போயிடும், லயமே ஒதுக்கி வச்சிடும்" என்று இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு லோரியில் ஏறுவது நமக்குப் பழக்கம்.

சம்பளத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குட்பட்டவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. 2023 ஜனவரி 1 முதல் அது தனிக் கணக்கு. மருத்துவர் சான்று வாங்க வேண்டும். 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தம்பிகளுக்கும் இதே சட்டம்தான். தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒதுக்கி வைப்பதை நாம்தான் நிறுத்த வேண்டும். நோயாளி வீட்டு வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு, தள்ளி நின்று "இப்ப எப்படியிருக்குக்கா?" என்று கேட்கலாமே! முகத்தைத் திருப்பிக்கொண்டால், அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சலை மறைப்பார். அது லயம் முழுதும் பரவும்.

2023 மே 5-ல் அவசர நிலை முடிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் அடியோடு போய்விடவில்லை. புதிதாக வேறொன்றும் வரலாம். ஆகவே காய்ச்சல், இருமல் என்றால் பெரட்டுக்கு வராமல் தண்டலுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். முகக்கவசத்தோடு கிளினிக்குக்குப் போங்கள். மூச்சு முட்டினால் விடியட்டும் என்று காத்திராமல் 999-ஐ அழையுங்கள். சான்று கொடுத்தும் சம்பளத்தைப் பிடித்தால், அந்தச் சான்றோடு கிளைத் தலைவரைப் பாருங்கள்.