விமானத்தின் வால் உரசினால் யாருக்குத் தெரியும்?

விமானம் மேலெழும்போதோ இறங்கும்போதோ மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்தால், வால்பகுதியின் அடிப்புறம் ஓடுபாதையில் உரசும். உடல் நீண்ட விமானங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். போயிங் 777-300 சுமார் 74 மீட்டர் நீளம். கடைசி வரிசையில் பலமாகக் கேட்கும் சத்தம் விமானிகளின் காதுக்கு எட்டாமலே போகலாம்.

அதனால்தான் பல வழிகளில் கண்காணிக்கிறார்கள். சில ரகங்களில் வாலடியில் உணரி இருக்கிறது. உரசியதும் விமானி அறைத் திரையில் எச்சரிக்கை வரும். சிலவற்றில் அடிபட்டால் நசுங்கும் தாங்கி இருக்கும். தரையில் பொறியாளர் அதைப் பார்த்துச் சொல்லிவிடுவார். பின்பக்கப் பணியாளர்களும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் தகவல் தருவதுண்டு.

2009 மார்ச் 20 அன்று மெல்போர்னிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய எமிரேட்ஸ் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தின் எடை 362.9 டன். புறப்படும் வேகத்தைக் கணக்கிடும் கணினியில் பதிவானதோ 262.9 டன். வேகம் போதாமல் வால் உரசியது. ஓடுபாதை முடிந்த பிறகே விமானம் எழும்பியது. திரையின் எச்சரிக்கையும் கோபுரத்தின் தகவலும் கிடைத்ததும், விமானிகள் கடல்மேல் எரிபொருளைக் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். விமானத்தில் இருந்த 275 பேரும் தப்பினார்கள்.

உரசல் தெரிந்தால் மட்டும் போதாது, பழுதையும் முறையாகப் பார்க்க வேண்டும். 1978-ல் ஒசாகாவில் வால் உரசிய ஜப்பான் ஏர்லைன்ஸ் போயிங் 747, பின்பக்கக் காற்றழுத்தத் தடுப்புச் சுவரைத் தவறாகச் சரிசெய்ததால் 1985-ல் விழுந்ததில் 520 பேர் இறந்தனர். 1980-ல் ஹாங்காங்கில் உரசிய சைனா ஏர்லைன்ஸ் 747-ல், கீறல் விழுந்த தகட்டை நீக்காமல் மேலே ஒட்டுத்தகடு போட்டார்கள். 22 ஆண்டு கழித்து அந்த விமானம் நடுவானில் உடைந்து 225 பேரைப் பலிகொண்டது.

இந்தியாவில் 2023-ல் ஆறு மாதத்துக்குள் நான்கு உரசல்கள் நேர்ந்ததை அடுத்து இண்டிகோ விமான நிறுவனத்தைத் தணிக்கை செய்த விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ, செயல்முறை, பயிற்சி ஆவணங்களில் குறை கண்டு ரூ.30 லட்சம் அபராதம் விதித்தது.

பயணி செய்யக்கூடியவை:

• பின்பக்கம் உரசும் சத்தமோ புகையோ தெரிந்தால், பெல்ட்டைக் கழற்றாமல் அழைப்புப் பொத்தானை அழுத்திப் பணியாளரிடம் சொல்லுங்கள். 'அவர்களுக்கே தெரிந்திருக்கும்' என்று இருந்துவிடாதீர்கள்.

• சோதனைக்காக விமானத்தை நிறுத்தினால் அவசரப்படுத்தாதீர்கள். இந்திய விதிப்படி தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்; காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்து உணவும் தர வேண்டும்.

• நிறுவனம் மறுத்தால், டிக்கெட், குறுஞ்செய்தி, ரசீதுகளுடன் மத்திய அரசின் 'ஏர்சேவா' புகார்த் தளத்தில் புகார் கொடுங்கள்.