மண்ணிலிருந்து வரும் கட்டி



சென்ற மாதம் தோட்டத்து மருந்தறைக்கு ஒருவர் வந்தார். நம் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூரில், ஈசூன் பக்கம், புல் வெட்டிச் செடி நடும் வேலை பார்க்கிறார். வயது முப்பத்தெட்டு. "அண்ணே, புண்ணுதான் ஆறிப்போச்சே, இன்னும் ரெண்டு மாசத்துக்கு எதுக்கு இந்தப் பெரிய மாத்திரை? வயித்தப் பிரட்டுது. நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார்.

பதில் சொல்வதற்கு முன் அவருக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலம், சேற்றில் நின்று வேலை. கெண்டைக்காலில் ஒரு கீறல். பத்து நாளில் அது கட்டியானது. அறையில் கூட இருந்தவர், தான் மிச்சம் வைத்திருந்த அமாக்ஸிசிலின் நாலைந்தை எடுத்துக் கொடுத்தார். கேட்கவில்லை. பிறகு ஒரு கிளினிக்கில் வேறு மாத்திரை கொடுத்தார்கள். சீழைச் சோதிக்கவில்லை, என்ன வேலை செய்கிறாய் என்றும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் குளிரும் காய்ச்சலுமாய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டியைக் கீறி, சீழையும் இரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு சேதி வந்தது. ஒன்று, கிருமி எது என்பது. மற்றொன்று, அவருக்கே தெரியாமல் உடம்பில் இருந்த சக்கரை வியாதி.

அந்த நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் நம் வட்டாரத்து நோய். 1911ல் ரங்கூனில் விட்மோர் என்ற டாக்டரும் உதவி சர்ஜன் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இதைக் கண்டுபிடித்தார்கள். 'விட்மோர் நோய்' என்று ஒருவர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது; கிருஷ்ணசாமியை யாரும் சொல்வதில்லை. இப்போதுள்ள பெயரை 1921ல் வைத்தவர்கள் கோலாலம்பூரில் ஆராய்ச்சி செய்த ஸ்டாண்டனும் ஃபிளெட்சரும்.

கிருமி இருப்பது ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும். ஈசூன் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பட்டணம். ஆனால் அந்தப் பெயரே ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட முதலாளி லிம் நீ சூன் பெயரிலிருந்து வந்ததுதான். மேலே கட்டடம் எழும்பினாலும், செடிக்குக் குழி வெட்டுகிறவன் கை வைப்பது மண்ணில்தானே! சிங்கப்பூரில் 1989 முதல் இது அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். நம் பகாங்கில் 2010ல் லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்களில் பத்துப் பேருக்கு இந்நோய் உறுதியானது. அந்தத் தேடுதலுக்குப் போனவர்களில் எட்டுப் பேர் இறந்தார்கள்.

இது கிருமிகளிலேயே முரட்டுச் சாதி. சாதாரணமாக நாம் காணும் கட்டி ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது. அது ஆரம்பத்தில் பெனிசிலினுக்கு அடங்கிக் கிடந்தது. மருந்தை அரைகுறையாக, கண்டபடி எடுத்து எடுத்து நாம்தான் அதைப் பழக்கிவிட்டோம். பெனிசிலினை மீறிய கிருமிக்கென்று 1959ல் மெத்திசிலின் வந்தது. அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்தில் தென்பட்டதாக 1961லேயே எழுதிவிட்டார்கள். மண் கிருமியோ யாரும் பழக்கித் தர வேண்டியதில்லை, பிறவியிலேயே அப்படி. அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகளைச் சிதைத்துவிடும் பொருளைத் தானே சுரக்கிறது. உள்ளே புகும் வேறு பல மருந்துகளை, படகில் புகுந்த தண்ணீரை இறைப்பதுபோல வெளியே இறைத்துவிடுகிறது. நண்பர் கொடுத்த நாலு மாத்திரை என்ன செய்யும்?

இதற்காக மருந்தே இல்லை என்று பயப்படாதீர்கள். சீழ் கோத்த கட்டியை டாக்டர் கீறி வடிக்க வேண்டும். சீழ் உள்ளே இருக்கிறவரை எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. (நீங்களே பிளேடால் கீறுவதும், புகையிலைத் தூள் அப்புவதும் வேண்டவே வேண்டாம்.) சோதனையில் ஸ்டாஃபிலோகாக்கஸ் முரடு என்று வந்தால், அதற்குக் கேட்கும் மாத்திரை எது என்று பார்த்துத் தருவார்கள். நோய் முற்றியிருந்தால் வான்கோமைசின் நரம்பில் ஏற்றுவார்கள். அந்த மருந்து பிறந்ததே போர்னியோ காட்டு மண்ணில்தான். 1950களில் ஒரு பாதிரியார் அனுப்பிய மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தார்கள்.

மெலியோய்டோசிஸ் என்றால் வைத்தியம் இரண்டு கட்டம். முதலில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி, குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள். நோய் ஆழமாக இறங்கியிருந்தால் இன்னும் அதிகம். பிறகு கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரை, சுமார் மூன்று மாதம். நண்பர் கேட்ட "பெரிய மாத்திரை" அதுதான்.

இப்போது அவர் கேள்விக்கு வருகிறேன். மேலே தோல் மூடிவிட்டது, உண்மைதான். ஆனால் இந்தக் கிருமி நம் உடம்பின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். ஊசி பெரும்படையை அடிக்கிறது. ஒளிந்திருப்பவனைத் தேடிப் பிடிப்பது மாத்திரை. பாதியில் விட்டால் சில மாதம் கழித்துத் திரும்பவும் கிளம்பும். அப்போது காலில்தான் வரும் என்றில்லை. நுரையீரலில், ஈரலில் வந்தால் ஆளையே கொண்டுபோய்விடும். வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்கலாம். உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். மருந்தை மாற்றுவது அவர் வேலை; நிறுத்துவது நம் வேலை அல்ல.

இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சக்கரை வியாதிக்காரர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சம்சு அதிகம் குடிக்கிறவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்களே. வீட்டாருக்கு ஒட்டுமோ என்று தட்டைத் தனியாக வைக்கத் தேவையில்லை. மனிதருக்கு மனிதர் பரவுவது மிக அபூர்வம்.

கட்டி, கூடவே காய்ச்சல் என்றால் எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "நான் மண்ணில் வேலை செய்றவன், எனக்குச் சக்கரை இருக்கு, ஏற்கெனவே இன்ன மாத்திரை சாப்பிட்டேன்" என்று நீங்களே சொல்லுங்கள். எந்தக் கிருமியைத் தேடுவது என்று சோதனைச்சாலைக்குத் தெரிய அதுவே உதவும். நாலு மாத்திரை சாப்பிட்டதை மறைப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

நண்பர் மறுநாள் ஈசூனுக்குத் திரும்பினார். மீதி மாத்திரையை எண்ணி, தாளில் தேதி போட்டுக் கொடுத்திருக்கிறேன். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கச் சொன்னேன். "முதலாளி தரமாட்டாரே" என்றார். கையுறையும் சேர்த்து எழுதிக் கேள், நான் கடிதம் தருகிறேன் என்று சொல்லி, கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.