தொட்டாற்சிணுங்கியின் சூட்சுமம்
வரப்போரத்துத் தொட்டாற்சிணுங்கியின்மீது விரல்நுனி பட்டதும், சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கூம்பிக்கொண்டே செல்ல, இறுதியில் காம்பும் தளர்ந்து தொங்கிவிடுகிறதே, அதற்குக் காரணம் நாணமுமன்று, அச்சமுமன்று. காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பில் ஒரு பக்கத்து உயிரணுக்கள் பொட்டாசிய அயனிகளை வெளியேற்ற, பின்னோடு ஜலமும் வெளியேறி, அப்பக்கம் தொய்ந்துபோவதேயாகும்.

தொட்ட செய்தி செடிக்குள் மின்துடிப்பாகவே செல்கிறதென்று, தாமே அமைத்த நுண்கருவிகளைக்கொண்டு கல்கத்தாவில் ஆராய்ந்து காட்டிய ஜகதீச சந்திர போஸின் கூற்றை மேனாட்டு அறிஞர் சிலர் எளிதில் ஏற்றாரில்லை.

இதனினும் ஆச்சரியம், 2014-இல் வெளியான மோனிகா காக்லியானோ குழுவினரின் பரிசோதனை: தொட்டியோடு 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச்செய்யப்பட்ட செடிகள், போகப்போக இலை மூடுவதையே விட்டன, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தும் அவ்வாறே இருந்தன. களைப்புத்தானோ என்று ஐயுறுவது நியாயமே. ஆனால் அச்செடிகளை வேறுவிதமாக உலுக்கியபோது, அவை உடனே இலைகளை மூடிக்கொண்டன.