பழைய லாரிகளில் தண்ணீர்க் கசிவு: கண்டறியும் முறையும் சீர்செய்யும் முறையும்

அறுவடையான நெல்லைக் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு சேர்க்க மாட்டு வண்டியை நம்பியிருந்த காலம் மாறி, மோட்டார் லாரியே துணை என்னும் நிலை வந்துவிட்டது. புது லாரி வாங்க இயலாத குடியானவர் பலர், பல ஆண்டுகள் ஓடிய பழைய லாரியை வாங்கி உபயோகிக்கின்றனர். சென்னைக்கு வடக்கே எர்ணாவூரை அடுத்த எண்ணூரில், 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றி, 1955-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்ற தொழிற்சாலையின் லாரிகள் இவற்றுள் பலவாகும். இத்தகைய உறுதியான வண்டிகளும் கெடுவதற்கு ஒரு முக்கிய காரணம், சொட்டுச் சொட்டாய் ஒழுகும் தண்ணீரை அலட்சியம் செய்வதேயாம்.

தண்ணீரின் வேலை

டீசல் எரிவதால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கப் பயன்படுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதியைத் தண்ணீர் ஏற்று, ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடுகிறது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அது உள்ளே அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அழுத்தம் நின்றால், தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக 111 பாகை சென்டிகிரேடு வரையில் கொதியாதிருக்கும். கசிவு ஏற்பட்டால் இவ்வழுத்தம் நில்லாது. ஆகவே தண்ணீர் முன்னதாகவே கொதித்துவிடும். மேலும், தண்ணீர் மட்டம் உஷ்ணமானியின் முனைக்குக் கீழே இறங்கிவிட்டால், எஞ்சின் காய்ந்துகொண்டிருக்கையிலும் முள் குறைவாகவே காட்டக்கூடும். முள்ளை மாத்திரம் நம்பி ஓட்டியவர் பிஸ்டன் இறுகி நின்ற பிறகே உண்மையை அறிவர்.

கண்டறிதல்

எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். சூட்டில் திறந்தால் நீராவியும் கொதிநீரும் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச் செய்யும். தண்ணீரை நிரப்பி, இரவில் வண்டியின் கீழ் உலர்ந்த அட்டை அல்லது பழைய சாக்கு விரித்து வைக்க வேண்டும். காலையில் ஈரம் கண்ட இடத்திற்கு நேர் மேலேயும், அதற்குச் சற்று முன்புறத்திலும் தேடுக. கூலண்டு கலந்த தண்ணீர், காய்ந்த இடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ வெண்மையாகவோ தடம் விடும்.

முதலில் மேல், கீழ் ரப்பர்க் குழாய்களையும் அவற்றின் கிளிப்புகளையும் பார்க்க. அழுத்தினால் வெடிப்புத் தெரியும் குழாயும், ஊறிப் பஞ்சுபோலான குழாயும் மாற்றத்தக்கவை. பிறகு தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தைக் கவனிக்க. அதன் வழியே ஒழுகினால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டதென்று கொள்க. அத்துவாரத்தை அடைப்பது தவறு, அடைத்தால் தண்ணீர் பேரிங்கிற்குள் சென்று அதையும் கெடுக்கும். பின்னர் ரேடியேட்டரின் தொட்டி இணைப்புகளையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் சோதிக்க. இவற்றில் ஒன்றும் தெரியாவிடில், பட்டறையில் கைப்பம்பு பொருத்தி, மூடியில் பொறித்த அளவு வரையில் மட்டும் அழுத்தம் ஏற்றினால் கசிவு வெளிப்படும்.

வெளியே ஈரமின்றித் தண்ணீர் குறையுமானால் கசிவு எஞ்சினுக்குள் இருக்கிறது. எண்ணெய் மோர்போல் வெளுத்தல், சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்புகை நிற்றல், ரேடியேட்டரில் ஓயாது குமிழி வருதல் ஆகியவை சிலிண்டர் ஹெட் காஸ்கெட் பழுதுபட்டதற்கோ, ஹெட் வெடித்ததற்கோ அடையாளம். அத்தகைய லாரியை ஓட்டாமல் கயிறு கட்டி இழுத்துச் செல்வதே உத்தமம்.

சீர்செய்தல்

குழாய், கிளிப், மூடி ஆகியவை சிறு செலவில் மாற்றக்கூடியவை. செம்பு, பித்தளையால் ஆன பழைய ரேடியேட்டரை ஈயப்பற்று வைத்துச் சரிசெய்யலாம். பிளாஸ்டிக் தொட்டியுள்ள அலுமினிய ரேடியேட்டருக்கு இம்முறை ஆகாது. கசிவை நிறுத்த மஞ்சள் தூள் போடும் வழக்கம் ஓட்டுநரிடையே உண்டு. அது சிறு துவாரத்தைச் சில நாள் அடைக்கக்கூடுமாயினும், ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் சேர்த்து அடைத்து, பின்னர் எஞ்சின் கொதிக்கக் காரணமாகும்.

எர்ணாவூர், மீஞ்சூர் வட்டாரத்தார்க்கு மற்றோர் எச்சரிக்கை அவசியம். நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் உட்புகுந்து, கிணறுகள் பல உவர்ப்பாகிவிட்டன. பயிருக்கு ஆகாத உப்புநீர் இரும்புக்கும் ஆகாது. காய்ச்சி வடித்த நீருடன், தயாரித்தவர் கூறும் அளவில் கூலண்டு கலந்து ஊற்றினால் துரு பிடியாது. வழியில் தண்ணீர் தீர்ந்தால், எஞ்சின் ஆறுமட்டும் காத்திருந்து சிறிது சிறிதாக ஊற்றுக. காய்ந்த இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்புக் காணும்.

கடைசியாக, கூலண்டில் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய விஷமுமாகும். கன்றோ நாயோ குழந்தையோ அதனைச் சுவைத்தால் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும். ஆகையால் இறக்கிய தண்ணீரைக் களத்திலும் வாய்க்காலிலும் கொட்டாமல், மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்துப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் அறுவடைக்கு முன்பே இதனை லாரி வைத்திருப்போர்க்கு எடுத்துச் சொல்வார்களாயின், நெல்லும் வண்டியும் கால்நடையும் ஒருங்கே காக்கப்படும்.